யார் என்ன படித்தார்? - அமெரிக்க நூலகங்கள் காத்த ரகசியம்

அமெரிக்கப் பொது நூலகங்களின் இணையதளங்களில், முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று தனியுரிமைக் கொள்கை, மற்றொன்று பதிப்புரிமை. வேலை மெனக்கெட்டு இவற்றைத் திறந்து படிப்பவர்கள் மிகச் சிலரே. திறந்து பார்த்தால் தனியுரிமைப் பக்கத்தில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: நீங்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதை எடுத்ததற்கான பதிவு நீக்கப்படும், சட்டப்படியான உத்தரவு இல்லாமல் உங்கள் விவரம் யாருக்கும் தரப்படாது.

பார்க்கச் சாதாரண வரிகள்தான். ஆனால் இந்த வரிகளை எழுதும் நிலைக்கு வருவதற்குள் ஒரு நூலகர் சிறைக்குப் போயிருக்கிறார். வேறு நான்கு பேர் பல மாதங்கள் வாய் திறக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் அந்தப் பதிப்புரிமை இணைப்புக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சீட்டுகளின் காலம்

கணினி வருவதற்கு முன் புத்தகம் இரவல் கொடுக்கப் பல முறைகள் இருந்தன. அமெரிக்காவில் பரவலாக இருந்த முறையில் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு பை, அதில் ஓர் அட்டை. எடுத்தவரின் பெயரோ எண்ணோ அந்த அட்டையில் ஏறும். அடுத்தவர் எடுக்கும்போது அதற்குக் கீழே இன்னொரு பெயர். ஆக, அட்டையை எடுத்துப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை இதுவரை யார் யார் கொண்டு போனார்கள் என்ற வரலாறே கிடைத்துவிடும்.

நம் ஊர் நூலகங்களில் பலருக்கும் பழக்கமானது வேறு முறை. பாஸ்டனில் பணியாற்றிய நினா பிரவுன் என்ற பெண் நூலகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது அது. பிரவுன் முறை என்று நூலக அறிவியல் மாணவர்கள் தேர்வுக்குப் படிப்பார்கள். வாசகருக்குச் சின்னப் பை போன்ற சீட்டு கொடுத்திருப்பார்கள். புத்தகத்தின் அட்டையை அந்தப் பைக்குள் செருகி நூலகர் வைத்துக் கொள்வார். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குள், சீட்டு வாசகர் கையில். அவ்வளவுதான்! யார் எதை எடுத்தார் என்பதற்கு ஒரு துளித் தடயமும் மிச்சமிருக்காது. பாடப் புத்தகங்கள் இதை அந்த முறையின் குறையாகவே சொல்கின்றன. எத்தனை புத்தகம் போனது, எது அதிகம் போனது என்று பின்னால் கணக்கெடுக்க முடியாதாம். குறை என்று எழுதப்பட்ட அதே விஷயத்தைத்தான் பிற்காலத்தில் அமெரிக்க நூலகங்கள் பாடுபட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வாசகரைப் பற்றித் தெரியவரும் தனிப்பட்ட செய்திகளை நூலகர் வெளியே சொல்லக் கூடாது என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டின் நெறிமுறையிலேயே சேர்த்திருந்தது. ஆனால் நெறிமுறை என்பது வெறும் அறிவுரை. அரசாங்கமே வந்து கேட்டால் என்ன செய்வது? அந்தச் சோதனை 1970இல் வந்தது.

வெடிமருந்து பற்றிப் படித்தவர்கள் யார்?

வியட்நாம் போருக்கு எதிரான போராட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம். அங்கங்கே குண்டுகளும் வெடித்தன. அமெரிக்கக் கருவூலத் துறையைச் சேர்ந்த வருவாய்த் துறை அதிகாரிகள் மில்வாக்கி, அட்லாண்டா போன்ற ஊர்களில் பொது நூலகங்களுக்குப் போய், வெடிபொருள் பற்றிய புத்தகங்களை இரவல் எடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். மில்வாக்கி நூலகம் முதலில் மறுத்தது. ஆனால் நூலகப் பதிவுகள் பொது ஆவணங்கள்தான் என்று அந்த நகரத்தின் சட்ட அதிகாரியே கருத்துச் சொல்லிவிட, வேறு வழியில்லாமல் காட்ட வேண்டியதாயிற்று.

வெடிமருந்து பற்றிப் படிப்பவர்களில் வேதியியல் மாணவர் இருப்பார், கல்குவாரி வைத்திருப்பவர் இருப்பார், துப்பறியும் கதை எழுதுபவரும் இருப்பார். படித்ததாலேயே ஒருவர் சந்தேகப் பட்டியலில் ஏறுவார் என்றால் அப்புறம் எவர் தைரியமாகப் புத்தகத்தைத் தொடுவார்? நூலகச் சங்கம் விழித்துக் கொண்டது. 1971 ஜனவரியில் ஒரு கொள்கை கொண்டு வந்தது. இரவல் பதிவுகள் ரகசியமானவை, முறையான நீதிமன்ற ஆணையோ சட்டப்படியான உத்தரவோ இல்லாமல் அவற்றைத் தரக் கூடாது என்பது அதன் சாரம். இன்றைய இணையதளங்களில் காணும் வாசகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சிறைக்குப் போன நூலகர்

அதே 1971ஆம் ஆண்டில்தான் ஜோயா ஹார்ன் என்ற நூலகரின் கதையும் தொடங்குகிறது. பென்சில்வேனியாவில் பக்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர். போரை எதிர்த்ததற்காகப் பக்கத்து மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார் பிலிப் பெர்ரிகன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அதே சிறையிலிருந்த பாய்ட் டக்ளஸ் என்ற கைதிக்கு வெளியே போய்ப் படிக்க அனுமதி கிடைத்திருந்தது. அவர் பல்கலைக்கழக நூலகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, பாதிரியாரின் கடிதங்களை வெளியே கொண்டு போய்க் கொடுத்தார். கூடவே அவற்றை எப்.பி.ஐ.க்கும் கொடுத்துக் கொண்டிருந்தார்!

ஹென்றி கிஸிஞ்சரைக் கடத்தச் சதி செய்தார்கள் என்று பெர்ரிகன் உள்ளிட்டோர் மீது வழக்கு. ஹாரிஸ்பர்க் எழுவர் வழக்கு என்று பெயர். சாட்சி சொல்ல ஹார்ன் அழைக்கப்பட்டார். நூலகத்துக்குள் ஒற்றரை வைத்து வேவு பார்ப்பது சிந்தனைச் சுதந்திரத்தையே கெடுக்கும், அதற்குத் துணைபோக மாட்டேன் என்று மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக 1972இல் சிறையில் போடப்பட்டார். 20 நாட்கள் உள்ளே இருந்தார். சதிக் குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியாமல் வழக்கு முடிந்ததும் வெளியே வந்தார். வேதனை என்னவென்றால், நூலகச் சங்கத்தின் நிர்வாகக் குழுவே முதலில் அவர் பக்கம் நிற்க மறுத்து, பிறகுதான் மனம் மாறியது. 2014இல் தன் 96ஆம் வயதில் ஹார்ன் காலமானார். பெரிய சட்ட அறிஞர்கள் பேசிய பேச்சைவிட இந்த 20 நாட்கள்தான் அந்நாட்டு நூலகர்களிடம் அதிகம் பேசின என்று சொல்லலாம்.

பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போடத் தொடங்கின. 1978இல் புளோரிடா முதலில் வந்தது. பின்னர் 48 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்தப் பாதுகாப்புச் சட்டமாயிற்று.

எப்.பி.ஐ. சும்மா இருக்கவில்லை. 1987இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்து, வெளிநாட்டினர் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். சோவியத் ஒற்றர்களைப் பிடிக்கத்தானாம். அங்கிருந்த பவுலா காஃப்மன் என்ற நிர்வாகி சொல்ல முடியாது என்றுவிட்டார். விஷயம் பத்திரிகைக்கு வந்து, நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போயிற்று. யாரும் எடுத்துப் படிக்கலாம் என்று அலமாரியில் அடுக்கி வைத்த பத்திரிகைகளைப் படிப்பது எப்படி உளவாகும் என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வரவில்லை.

1987-88இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் என்பவர் வாடகைக்கு எடுத்த வீடியோக்களின் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட, பதறிப்போன நாடாளுமன்றம் வீடியோ வாடகை விவரங்களைக் காக்கச் சட்டம் போட்டது. வரைவில் நூலகமும் சேர்ந்தே இருந்தது. புலனாய்வுத் துறையின் தேவைகளை எப்படிக் கையாள்வது என்ற சிக்கலில் அந்தப் பகுதி கழன்று போயிற்று. என்ன படம் பார்த்தீர்கள் என்பதற்கு மத்தியச் சட்டம் காவல் இருந்தது, என்ன படித்தீர்கள் என்பதற்கு இல்லை!

பேசக் கூடாத நால்வர்

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அக்டோபரில் தேசபக்திச் சட்டம் வந்தது. அதன் 215ஆம் பிரிவு, ரகசிய நீதிமன்றத்தின் உத்தரவோடு புத்தகங்கள், பதிவுகள் என எதையும் கேட்க வழி செய்தது. கேட்கப்பட்டவர் அதை வெளியே சொல்லவும் கூடாது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நூலகங்கள் 2003இல் வாசகர்களை எச்சரித்து அறிவிப்பு மாட்டின. தேவையில்லாத காகிதங்களைத் தினமும் கிழித்து அழித்தன. கேட்டாலும் கொடுக்க எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் யோசனை. கணினி மென்பொருள்களும் அதே வழியில், புத்தகம் திரும்பியதும் தொடர்பை அறுத்துவிடும்படி அமைக்கப்பட்டன. பழைய பிரவுன் முறையேதான்! நூலகர்கள் வீணாகப் பதறுகிறார்கள், 215ஆம் பிரிவு நூலகங்கள் மீது ஒருமுறைகூடப் பாயவில்லை என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட் 2003இல் கேலி செய்தார்.

ஆனால் 215 மட்டுமா இருந்தது? தேசியப் பாதுகாப்புக் கடிதம் என்று இன்னொரு ஆயுதம் உண்டு. இதற்கு நீதிபதியே தேவையில்லை, எப்.பி.ஐ. தானே எழுதிக் கொடுக்கலாம். 2005 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அங்கே சுமார் 27 நூலகங்களுக்குச் சேர்த்துக் கணினி வசதி செய்து கொடுத்த லைப்ரரி கனெக்‌ஷன் என்ற கூட்டமைப்புக்கு. 2005 பிப்ரவரி 15 அன்று மாலை 4 மணி முதல் 4.45 வரை ஒரு குறிப்பிட்ட ஐ.பி. முகவரியைப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டிருந்தது. வீட்டில் மனைவி, கணவனிடம்கூட மூச்சுவிடக் கூடாது.

கூட்டமைப்பின் தலைமை அதிகாரி ஜார்ஜ் கிறிஸ்டியன், நிர்வாகிகள் பீட்டர் சேஸ், பார்பரா பெய்லி, ஜேனட் நோசெக் ஆகிய நால்வரும் பணிய மறுத்து வழக்குப் போட்டார்கள். பெயர் இல்லாமல்தான். தங்கள் வழக்கு பிரிட்ஜ்போர்ட் நகரில் நடக்க, அவர்கள் ஹார்ட்ஃபோர்டில் பூட்டிய அறைக்குள் திரையில் பார்த்தார்கள். நீதிமன்றத்துக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடுமாம். பேசத் தடை விதிப்பது கருத்துரிமைக்கு எதிரானது என்று நீதிபதி ஜேனட் ஹால் 2005 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் மேல்முறையீட்டின்போது தடை தொடர்ந்தது. இதற்குள் ஆவணங்களில் சரியாக மறைக்காமல் விட்ட தகவலை வைத்துப் பத்திரிகைகள் கூட்டமைப்பின் பெயரைக் கண்டுபிடித்து அச்சிட்டுவிட்டன. ஊருக்கே தெரிந்த செய்தியை அவர்கள் மட்டும் சொல்லக் கூடாது!

தேசபக்திச் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடாளுமன்றம் விவாதித்த மாதங்கள் முழுவதும் இந்த நால்வரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நூலகங்களுக்கு ஆபத்தே இல்லை என்று அதிகாரிகள் பேசினார்கள். ஆபத்து வந்துவிட்டது என்று சாட்சி சொல்லக் கூடியவர்கள் பேச முடியவில்லை. 2006 மார்ச்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. ஏப்ரலில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது! மே 30 அன்று நால்வரும் வெளியே வந்து பேசினார்கள். ஜூனில் அந்தக் கடிதத்தின் கோரிக்கையையே எப்.பி.ஐ. திரும்பப் பெற்றது. அந்த 45 நிமிடங்களின் விவரம் கடைசி வரை கொடுக்கப்படவில்லை. 215ஆம் பிரிவும் 2020 மார்ச்சில் காலாவதியாயிற்று.

பதிப்புரிமை வழியாக வந்த சிக்கல்

இனி அந்த இரண்டாவது இணைப்பு. 1908இல் பாப்ஸ் மெரில் என்ற பதிப்பகம், தன் நாவலை 1 டாலருக்குக் குறைத்து விற்ற மேசி கடைக்காரர்கள் மீது வழக்குப் போட்டுத் தோற்றது. ஒருமுறை விற்ற பிரதியை அப்புறம் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நூலகம் இரவல் கொடுப்பதே இந்த அடிப்படையில்தான். இதில் யாரும் அதிகம் பேசாத நன்மை ஒன்று உண்டு. விற்றதோடு பதிப்பாளருக்கு உறவு முடிந்தது. அந்தப் பிரதியை யார் படிக்கிறார் என்று கேட்க அவருக்கு உரிமையும் இல்லை, வழியும் இல்லை. ஜெராக்ஸ் இயந்திரம் வந்தபோதும் இது மாறவில்லை. 1978 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, இயந்திரத்தின் மேல் எச்சரிக்கை ஒட்டியிருந்தால் வாசகர் தானே எடுக்கும் நகலுக்கு நூலகம் பொறுப்பில்லை. யார் நகல் எடுக்கிறார் என்று பின்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை.

மின்நூல் வந்ததும் கதை மாறிற்று. மின்நூலை நூலகம் பொதுவாக வாங்குவதில்லை, உரிமம்தான் பெறுகிறது. 2011இல் ஹார்ப்பர் காலின்ஸ் நிறுவனம், ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்த பிறகு மறுபடி உரிமம் பெற வேண்டும் என்றது. 26 என்று எண்ண வேண்டுமானால் யாராவது எண்ணிக் கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதே ஆண்டு கிண்டில் வழியாக நூலக மின்நூல் எடுக்கும் வசதி வந்தது. எடுப்பவர் அமேசான் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். நூலகம் தன் பதிவை அழித்தாலும் அங்கே அழியாது.

2014 அக்டோபரில் இன்னும் மோசம். நூலக மின்நூல்களைத் திறக்கப் பலரும் பயன்படுத்திய அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் 4 மென்பொருள், வாசகர் திறந்த நூலின் பெயர், புரட்டிய பக்கங்கள் முதலிய விவரங்களை எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாக இணையத்தில் தன் நிறுவனத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்தது தெரிய வந்தது. உரிமத்தைச் சரிபார்க்கத்தான் என்றது அடோபி. எதிர்ப்புக்குப் பின் அந்த மாதமே புதிய பதிப்பு விட்டார்கள். அதில் விவரங்கள் மறைகுறியாக்கம் செய்து அனுப்பப்பட்டன. அனுப்புவது நிற்கவில்லை.

எப்.பி.ஐ. வந்து கேட்டபோது மறுப்பதற்கு மேசைக்குப் பின்னால் ஒரு நூலகர் இருந்தார். இந்த விவரங்கள் போகும் பாதையில் அப்படி யாரும் இல்லை. அதனால் இன்று பல நூலகத் தளங்களின் தனியுரிமைப் பக்கத்தில், பழைய அந்த வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு பத்தி காணப்படுகிறது: மின்நூல் எடுக்கும்போது நீங்கள் வேறு நிறுவனத்தின் தளத்துக்குப் போகிறீர்கள், அங்கே அவர்களின் கொள்கைதான் செல்லும், அதைப் படித்துக் கொள்ளுங்கள்.