தெற்றிப்பழம்

மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் வட்டாரத்தில் தெற்றி என்று வழங்கப்படும் செடி, தமிழகத்தின் பிற பகுதிகளில் இட்லிப்பூ, இலக்கியத்தில் வெட்சி, மலையாளத்தில் தெச்சி அல்லது செத்தி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய புதர்ச்செடி இது.

இதன் வரலாறு பெரும்பாலும் பூவின் வரலாறுதான். பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்ற மறவர் சூடிய பூ வெட்சி. தொல்காப்பியத்தில் அந்தத் திணைக்கே அதுதான் பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களிலும் இது உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலைத் தொகுத்தார். 1679இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அதன் இரண்டாம் தொகுதியில் 'செத்தி' படத்துடன் இடம்பெற்றது. 1753இல் லின்னேயசு இதற்கு 'இக்சோரா காக்சினியா' என்று பெயரிட்டார். இக்சோரா என்பது ஈசுவரன் என்ற பெயரின் திரிபு என்பர். செடியைப் படமெழுதிக் கொண்டுபோன அதே கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா 1741இல் தோற்கடித்தது எங்கள் பக்கத்துக் குளச்சலில்தான்!

பழத்துக்கு இந்தப் புகழ் எதுவும் இல்லை. பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது. சிவந்து, முற்றிப் பழுத்தால் கருஞ்சிவப்பு. உள்ளே இரண்டு விதை, மெல்லிய சதை, லேசான துவர்ப்புடன் இனிப்பு. சந்தையில் யாரும் விற்றதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் பறித்துத் தின்று, உதடும் சட்டைப்பையும் கறையாக வீடு சேர்ந்த தலைமுறை எங்களுடையது. கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போடும். மண் கய்யாலைகளில் யாரும் நடாமலே தெற்றி முளைத்தது அப்படித்தான். பூவின் நீண்ட மெல்லிய குழலின் அடியிலுள்ள தேனை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் எட்டிவிடும்.

வீட்டு வைத்தியத்தில் வேர் வயிற்றுக்கடுப்புக்கு. பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளின் தோலில் தடவுவர்.

இன்று கய்யாலைகள் மதில்சுவர்களாகிவிட்டன. நாற்றுப்பண்ணையில் தெற்றி என்று கேட்டால் குட்டை இலைக் கலப்பினச் செடியைத் தருகிறார்கள். ஆண்டெல்லாம் பூக்கும்; காய்ப்பது அரிது. பெயர் அதே பெயர், பறவைக்கு அதில் ஒன்றுமில்லை. என் மாணவர்களில் பலர் பூவைச் சாமிக்குச் சாத்தப் பறித்தவர்கள், ஆனால் தெற்றி பழுக்கும் என்பதை நம்பவில்லை. பழைய செடி கோவில் காவுகளிலும் குளக்கரைகளிலும் இன்னும் நிற்கிறது. நன்கு பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, காயவிடாமல் உடனே மண்ணில் இட்டால் முளைக்கும். காய்க்கும் செடியின் கொம்பை மழைக்காலத்தில் வெட்டி நட்டாலும் பிடிக்கும்.