சரக்குப் பெட்டக வீடு

கன்டெய்னர் எனப்படும் எஃகுச் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு குடியிருப்பு அமைக்கும் கட்டட முறை. அடுக்குவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால், மனை குறைந்த நகரங்களில் விரைவாக மாடி எழுப்ப இவை உதவுகின்றன.

தோற்றம்: 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. 1960களின் இறுதியில் பன்னாட்டுத் தர அளவுகள் வகுக்கப்பட்டன. 8 அடி அகலமும் 20 அல்லது 40 அடி நீளமும் பரவலாயின. ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்த நாடுகளின் துறைமுகங்களில் காலிப் பெட்டகங்கள் தேங்கின. அவற்றை வாழிடமாக மாற்றும் முறைக்கு அமெரிக்கரான பிலிப் கிளார்க் 1987இல் விண்ணப்பித்து, 1989இல் காப்புரிமை பெற்றார்.

பரவல்: லண்டனின் டிரினிட்டி பாய் வார்ஃப் பகுதியில் 2001இல் ‘கன்டெய்னர் சிட்டி’ மூன்று தளங்களுடன் எழுந்தது. பெட்டகங்களைப் பொருத்த நான்கே நாள் பிடித்தது. பின்னர் நான்காம் தளமும் ஏறியது. ஆம்ஸ்டர்டாமின் கீட்வோனன் குடியிருப்பு சுமார் 1,000 மாணவர்களுக்கு இடமளித்தது. பிரான்சின் லு ஆவ்ர் துறைமுக நகரில் 2010இல் 100 மாணவர் அறைகள் அமைந்தன. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானின் ஒனகாவாவில் சமநிலம் அரிதாக இருந்ததால், கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் 20 அடிப் பெட்டகங்களைச் சதுரங்கக் கட்டம்போல் இடைவெளி விட்டு மூன்று தளம்வரை அடுக்கினார். இடைவெளிகள் வெளிச்சமான கூடங்களாயின.

அமைப்பு: மேலிருக்கும் பெட்டகங்களின் பாரத்தை நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. நெளிதகட்டுச் சுவரோ பக்கவாட்டு உறுதி தருவது; சன்னலுக்காக அதை அகலமாக வெட்டினால் எஃகுச் சட்டம் வைத்து வலுவூட்ட வேண்டும். எஃகு வெயிலில் விரைந்து சூடேறும், குளிரில் உட்புறம் நீர் கோக்கும். வெப்பத்தடுப்புப் பூச்சு கட்டாயமாகிறது. அதை உள்ளே பூசினால் ஏற்கெனவே சுமார் 2.35 மீட்டரே உள்ள உள்ளகலம் மேலும் குறுகும். பூச்சிக்கொல்லி ஏறிய ஒட்டுப்பலகைத் தளத்தையும் பெரும்பாலும் அகற்றவோ மூடி அடைக்கவோ நேரும்.

சூழல் மதிப்பு: பழைய பெட்டகத்தை உருக்காமல் பயன்படுத்துவது எரிபொருளை மிச்சப்படுத்தும். புதிய பெட்டகங்களை வீட்டுக்கென்றே வாங்கினால் இந்த ஆதாயம் இல்லை. ஒரு வீட்டுக்குத் தேவையானதைவிட மிகுந்த எஃகு அதில் முடங்கும். கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம் என்பதே அப்போது எஞ்சும் சிறப்பு.