தெரிவும் ஏலமும்: ஹைதராபாத் காவல் அணியிலிருந்து ஐஎஸ்எல் வரை

2017 ஜூலை 23 அன்று மும்பையில் இந்தியக் கால்பந்து வீரர்கள் 205 பேரின் பெயர்கள் ஒரு பட்டியலில் வைக்கப்பட்டன. இந்தியன் சூப்பர் லீக்கின் பத்து அணிகள் முறைவைத்து அப்பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்தன. முதலில் எடுக்கப்பட்டவர் மலப்புறத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகா. எடுத்தது அவ்வாண்டுதான் தோன்றிய ஜம்ஷெட்பூர் அணி. தொகை 1.10 கோடி ரூபாய். எந்த ஊரில், எந்தப் பயிற்சியாளரின் கீழ் ஆட விருப்பம் என்று அனஸைக் கேட்பதற்கு அந்த நடைமுறையில் இடம் இல்லை. பலர் எவராலும் எடுக்கப்படாமலே ஊர் திரும்பினர். அதன்பின் ஐஎஸ்எல்லில் அப்படியொரு தெரிவுக் கூட்டம் நடைபெறவில்லை. 2014இல் தொடங்கிய முறை நான்கே ஆண்டுகளில் முடிந்துபோனது.

ஏன் அது நிலைக்கவில்லை என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, கழகங்களின் வணிகக் கணக்கு சார்ந்தது. அது பாதி விடைதான். மீதிப் பாதிக்கு, ஒரு வீரரை உருவாக்குவது யார், அவரைத் தெரிவு செய்வது யார், அவர் எங்கு ஆடுவது என்று முடிவெடுப்பது யார் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே கையில் இருந்த காலம் ஒன்று ஹைதராபாத்துக்கு உண்டு.

முதலில் இம்முறையின் பிறப்பிடம். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கில், பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவரும் வீரரை எந்த அணியும் நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். பணமும் புகழும் உள்ள அணிகளுக்கே நல்லவர்கள் போய்ச் சேர்ந்தனர். தோற்றுக்கொண்டே இருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், 1935இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் தெரிவு செய்யட்டும், முதலிடத்தில் முடித்த அணி கடைசியில் தெரிவு செய்யட்டும். உரிமையாளர்கள் ஏற்றனர். 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவின் ஒரு விடுதியில் ஒன்பது அணிகள் ஒன்பது சுற்றுகளில் 81 பேரைத் தெரிவு செய்தன. முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. கேட்ட ஊதியம் கிடைக்காததால் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். வரலாற்றின் முதல் தெரிவே, தெரிவு செய்யப்பட்டவரின் மறுப்பில் முடிந்தது என்பது கவனத்துக்குரியது.

பெல்லின் யோசனையில் சமத்துவம் உண்டு. ஆனால் அது அணிகளுக்கிடையேயான சமத்துவம். வீரரின் பக்கமிருந்து பார்த்தால், ஒன்பது பேர் போட்டியிட்டு வாங்கக்கூடிய உழைப்பை ஒருவரிடம் மட்டுமே விற்கும் நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார். நீதிமன்றங்கள் இதை உணர்ந்தன. 1968இல் வாஷிங்டன் அணியால் தெரிவு செய்யப்பட்ட யாசூ ஸ்மித் தொடுத்த வழக்கில், அன்றிருந்த வடிவில் அம்முறை போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று 1976இல் தீர்ப்பு வந்தது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டமீறலை உறுதிசெய்தது. இன்று அமெரிக்காவில் அது நீடிப்பது, வீரர்களின் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் துணையால்தான். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் அமைப்பு கொண்டுவந்த தெரிவு முறையை, தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துவதாகக் கூறி 1991இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாததாக்கியது.

இம்முறை இரண்டு முன்நிபந்தனைகள் இல்லாமல் இயங்காது. ஒன்று, அணிகள் ஏறுவதும் இறங்குவதும் இல்லாத மூடிய லீக். மற்றொன்று, ஆண்டுதோறும் ஆயத்தமான வீரர்களை அணிகளின் செலவின்றி உருவாக்கித் தரும் வேறொரு நிறுவனம். அமெரிக்காவில் அது பல்கலைக்கழகம். இந்தியாவில் அந்த இடத்தில் இருந்தது என்ன?

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இழுத்தல், வரைதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த 'டிராஃப்ட்' என்னும் சொல், கட்டாய ராணுவச் சேர்ப்புக்கும் ஆனது. அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. தமிழில் ஆவணத்தின் முன்வடிவை வரைவு என்கிறோம். அதே சொல்லை இங்கும் இட்டால் அகப்பொருள் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே வரைவு என்பது சுற்றத்தார் அறிய நிகழும் திருமணம். இரு தரப்பின் இசைவும் அதில் வேண்டும். இங்கே ஒரு தரப்பின் இசைவே போதும். ஆகவே தெரிவு என்றே வழங்குகிறேன். பேச்சுத் தமிழோ எல்லாவற்றையும் 'ஏலம்' என்று முடித்துவிட்டது. 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தில் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்ததிலிருந்து அச்சொல் நிலைபெற்றுவிட்டது.

இனி ஹைதராபாத். இங்கே வீரர்களை உருவாக்கிய நிறுவனம் காவல்துறை. உருவாக்கிய மனிதர் ஒரு பள்ளி ஆசிரியர். 1909இல் பிறந்த சையது அப்துல் ரஹீம், 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் டுராண்ட் இறுதியில் மோகன் பகானை வீழ்த்தியது. 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் சந்தோஷ் கோப்பை ஹைதராபாத்துக்கே வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் நூர் முகமது, அஜீசுத்தீன், சுல்ஃபிகாருத்தீன், பலராம் எனப் பலர் இவ்வூர்க்காரர்கள்.

ரஹீமின் தெரிவு முறை பட்டியலிலிருந்து தொடங்கவில்லை, தெருவிலிருந்து தொடங்கியது. பந்தை வைத்துக்கொண்டு தனியாக ஓடுவதைத் தடைசெய்த போட்டிகள், பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகள் என அவர் சிறுவர்களுக்கு நடத்தினார். இவை பயிற்சியாகவும் தேர்வாகவும் ஒருசேர அமைந்தன. யாரால் விரைந்து பந்தைக் கைமாற்ற முடியும், யாருக்கு இரு காலும் வசப்படும் என்பதை விதியே வெளிப்படுத்திவிடும். இன்றைய அணிகள் எண்களையும் காணொளிகளையும் கொண்டு அறிய முயல்வதை, அவர் ஆட்டவிதியை மாற்றி அறிந்தார்.

நான் வசிக்கும் நாச்சாரத்திலிருந்து மௌலாலியைத் தாண்டி வடக்கே சென்றால் அம்முகுடா வரும். சிக்கந்தராபாத் படைக்குடியிருப்பை ஒட்டிய சிற்றூராக இருந்த அங்கே, 1936இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். மதராஸ் படையோடும் ரயில்வேயோடும் இப்பகுதிக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் அவர் பெயர் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. அவரைக் கண்டெடுத்தவர் ரஹீம். பயிற்சிக்கு வந்துபோகப் பணமில்லை என்று பலராம் தயங்கியபோது, மிதிவண்டி வாடகைக்கு ரஹீமே காசு கொடுத்தார் என்ற செய்தி பலராமின் நினைவுகூரல்கள் வழியாக நமக்குக் கிடைக்கிறது. தெரிவு என்பது ஒரு பெயரைச் சொல்வதோடு முடிவதில்லை, அப்பெயருக்குரியவர் மைதானத்துக்கு வந்துசேர வழிசெய்வதும் அதில் அடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே காலத்தில் ஹைதராபாத்தில் பிறந்த இலக்குக்காவலர் பீட்டர் தங்கராஜ் வேறு வழியாகச் சென்றார்: வெலிங்டனிலிருந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர். அந்தப் படை அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. ஒருவரை ஓர் ஆசிரியரின் கண் எடுத்தது. மற்றவரை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு எடுத்தது. இருவரும் மெல்போர்ன் அணியில் சேர்ந்து நின்றனர்.

இந்த அமைப்பைப் பொற்காலமாக்கிப் பேச நான் விரும்பவில்லை. காவலராகவோ சிப்பாயாகவோ சேரும் வீரருக்கு மாத ஊதியமும் ஓய்வூதியமும் உண்டு. முழங்கால் முறிந்தாலும் அடுப்பு எரியும். ஆனால் துறையின் ஊழியர் தம் விருப்பப்படி வேறு அணிக்குப் போவது எளிதன்று. தெரிவு ஒருவர் கண்ணை நம்பி இருந்ததால், அக்கண் மூடியதும் அமைப்பும் தளர்ந்தது. புற்றுநோயோடு போராடியபடியே 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்த ரஹீம், 1963 ஜூன் 11 அன்று மறைந்தார். அவர் இடத்தை நிரப்ப எந்த நிறுவன ஏற்பாடும் இருக்கவில்லை.

கல்கத்தாவின் கதை நேர்மாறானது. அங்கே கழகங்கள் வெளியூர் வீரர்களைத் தேடிச் சென்று அழைத்துவந்தன. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து லீக் பட்டம் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அப்படி வளர்ந்தது. ஈஸ்ட் பெங்காலின் செயலாளர் ஜோதிஷ் குஹா, அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே, அகமது கான் என்னும் தென்னாட்டார் ஐவரை ஒன்றுசேர்த்தார்; வங்காளம் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்றது. 1957இல் பலராமும், 1966இல் முகமது ஹபீபும் அதே கழகத்துக்குப் போயினர். பிற்காலத்தில் இடமாற்றப் பருவம் வந்தால், எதிர்க் கழகத்தின் கண்ணில் படாமல் வீரர்களை மறைவிடங்களில் வைத்திருந்து, கையெழுத்திடும் நாளில் அழைத்துவருவது வழக்கமாயிற்று. அகப்பொருள் மொழியில் சொன்னால் இது உடன்போக்கு! கேலிக்கு இடமளித்தாலும், இம்முறையில் வீரரின் கையெழுத்துக்கு விலையும் வலுவும் இருந்தன. அவர் இசையாமல் எதுவும் நடக்காது.

இந்த இரு மரபுகளுக்கும் மேலே 2014இல் ஐஎஸ்எல் வந்து அமர்ந்தது. அதன் முதல் தெரிவில் 84 உள்நாட்டு வீரர்களை ஆறு அணிகள் 14 சுற்றுகளில் பகிர்ந்துகொண்டன. டெம்போ, ஷில்லாங் லஜாங் ஆகிய கழகங்களின் துணையிருந்ததால் கோவாவும் வடகிழக்கும் அதில் கலந்துகொள்ளவில்லை. எல்லா அணிகளும் ஒரே நாளில் பிறந்தவை, லீக் சில மாதங்களே நடப்பது, வீரர்கள் பெரும்பாலும் மையமாக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள் அல்லது ஐ-லீக் கழகங்களிலிருந்து இரவல் வந்தவர்கள். இத்தகைய சூழலில் தெரிவுக் கூட்டம் பொருந்தவே செய்தது. 2015 ஜூலையில் பத்து வீரர்களுக்கு மட்டும் ஏலம், மற்றவர்களுக்குத் தெரிவு என்று ஆயிற்று. சுனில் சேத்ரி 1.20 கோடிக்கு மும்பைக்கும், யூஜின்சன் லிங்டோ 1.05 கோடிக்குப் புனேவுக்கும் போயினர்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இங்கே வினைச்சொற்களைக் கவனிக்கிறேன். காவல் அணியில் ஒருவர் 'சேர்ந்தார்'. கல்கத்தாவுக்கு ஒருவர் 'போனார்'. இரண்டும் தன்வினை. தெரிவில் ஒருவர் 'எடுக்கப்பட்டார்', ஏலத்தில் 'விலைபோனார்'. முன்னதில் வீரர் செயப்படுபொருள். பின்னதில் இலக்கணப்படி எழுவாயாக நின்றும் சரக்கு. இலக்கணம் சமூக உறவை உருவாக்குவதில்லை. ஆனால் எவர் கையில் முடிவு இருக்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டிவிடுகிறது.

2017-18 பருவத்தில் லீக் நீண்டது. ஐ-லீக்கும் உடன்நிகழ்வாக நடந்ததால் ஒரு வீரர் ஒரு கழகத்துக்கே உரியவரானார். பல ஆண்டு ஒப்பந்தங்கள் வந்தன. ஆண்டுதோறும் காலியாகி நிரம்பும் வீரர் தொகுதி என்ற ஒன்று இல்லாமலாகிவிட்டது. தொகுதி இல்லையேல் தெரிவும் இல்லை. உலகக் கால்பந்தின் இயல்பான வழி இடமாற்றமே. இளம் வீரரை வளர்த்த கழகத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற ஃபிஃபாவின் 2001 விதிகளும் அவ்வழியைச் சார்ந்தவை. தெரிவு முறைக்குள் அத்தகைய கடப்பாடு இல்லை. எடுப்பவர் எடுக்கிறார், வளர்த்தவருக்கு வரிசையில் இடமில்லை.

என் வாதம் இதுதான். இந்தியாவில் தெரிவு முறை தோற்றதற்கு ஆழமான காரணம், அது பகிர்ந்தளிக்க மட்டுமே அறிந்தது, உருவாக்க அறியாதது. அது பகிர்ந்தளித்த வீரர்களை உருவாக்கியவை 1987இல் தொடங்கிய டாடா கால்பந்துப் பள்ளி, படைப்பிரிவுகள், ரயில்வே, மாவட்ட லீக்குகள், பெயர் தெரியாத பள்ளி ஆசிரியர்கள். அவற்றுக்கு அம்முறை எதையும் திருப்பித் தரவில்லை. ஹைதராபாத்தே இதற்குச் சான்று. 2019இல் இந்நகரின் பெயரில் ஓர் ஐஎஸ்எல் கழகம் தோன்றியது. 2022 மார்ச் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸைத் தண்டனை உதைகளில் வென்று கோப்பையும் பெற்றது. 2025இல் அது டெல்லிக்கு இடம்பெயர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. காவல் அணியை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போயிருக்க முடியாது. அதன் வீரர்கள் இந்தத் தெருக்களில் பிறந்தவர்கள்; அதன் பயிற்சியாளர் இந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்.

2023 பிப்ரவரி 16 அன்று பலராம் கொல்கத்தாவில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹபீப் ஹைதராபாத்தில் மறைந்தார். அந்தத் தலைமுறையின் வாய்மொழிச் சான்றுகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. சிக்கந்தராபாத், லாலாகுடா, அம்முகுடா பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் பழைய அணிப் புகைப்படங்களோ, போட்டிச் சான்றிதழ்களோ, வேலையாணைகளோ இருக்கக்கூடும். வரலாறு, சமூகவியல் பயிலும் மாணவர்கள் எவரேனும் இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டால், ஆவணங்களை முதலில் தேட வேண்டிய இடம் அந்த வீடுகளின் இரும்புப் பெட்டிகள்தான்.