கடலின் வயது

கடலின் வயதைக் கணிக்க முதலில் பிடித்த துப்பு உப்பு. ஆறுகள் ஆண்டுதோறும் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. எனவே கரிப்பின் அளவே மூப்பின் அளவு என்று 1715இல் வாதிட்டார் எட்மண்ட் ஹாலி. வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். 1899இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி கணக்கைப் போட்டே பார்த்தார். கடலிலுள்ள மொத்தச் சோடியத்தை ஆறுகள் ஓராண்டில் சேர்க்கும் சோடியத்தால் வகுத்தார். விடை 8 முதல் 9 கோடி ஆண்டுகள்.

வகுத்தலில் பிழையில்லை. கடலுக்கு வரவுதான் உண்டு, செலவே கிடையாது என்று எண்ணியதில்தான் பிழை. வற்றிய உப்பங்கழிகளில் படிவாகவும், அடிச்சேற்றோடு சேர்ந்தும், கடலடிப் பாறைகளோடு வினைபுரிந்தும் சோடியம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஜோலி அளந்தது கடலின் வயதை அன்று; ஒரு சோடியம் அணு கடலில் சராசரியாகத் தங்கியிருக்கும் காலத்தை. தெரியாமலே நல்ல அளவீடு ஒன்றைச் செய்துவிட்டார்.

புவி குளிரும் வேகத்தைக் கொண்டு கெல்வின் பிரபு 1897இல் புவியின் வயதாகச் சொன்ன 2 முதல் 4 கோடி ஆண்டும் நிற்கவில்லை. யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகச் சிதைவது தெரிந்தபின் நம்பகமான கடிகாரம் கிடைத்தது. அதைக் கொண்டு கிளேர் பேட்டர்சன் 1956இல் புவிக்கு 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அரிசோனாவின் கேன்யன் டயாப்லோ உள்ளிட்ட விண்கற்களின் ஈயத்தோடு அவர் ஒப்பிட்டது ஆழ்கடல் வண்டலின் ஈயத்தை. சுற்றுப்புறத் தூசியிலிருந்த ஈயம் மாதிரிகளில் கலந்து பல ஆண்டுகள் அவரை அலைக்கழித்தது. ஆய்வகத்தைக் கழுவித் துடைப்பதே பாதி ஆராய்ச்சியானது.

கடல் பிறந்த காலத்தைக் கடலடியில் தேடிப் பயனில்லை. நடுக்கடல் முகடுகளில் உருவாகும் தரை, அகழிகளில் புதைந்து அழிந்துகொண்டே இருப்பதால், இன்றைய பெருங்கடல்களின் அடித்தரை பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. சான்றுகள் நிலத்தில்தான் கிடைத்தன. கிரீன்லாந்தின் இசுவாவில் நீருக்கடியில் உறைந்த தலையணை வடிவ எரிமலைப் பாறைகள் 370 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேக் குன்றுகளில் கிடைத்த, மணல் பருக்கையளவே உள்ள சிர்க்கான் படிகம் ஒன்றின் வயது 440 கோடி. அங்குள்ள பழம்படிகங்களில் கன ஆக்சிஜன் மிகுந்திருப்பதால், அவற்றின் தாய்ப்பாறை திரவ நீரைத் தொட்டிருக்க வேண்டும் என்று 2001இல் அறிவித்தனர்.

அந்த நீர் வந்த வழி இன்னும் விவாதத்தில் உள்ளது. 67பி வால்மீனில் கன ஹைட்ரஜனின் விகிதம் கடல்நீரில் உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2014இல் ரொசெட்டா விண்கலம் கண்டது. கார்பன் செறிந்த விண்கற்களின் நீர் கடல்நீரோடு அதைவிட நெருங்கிப் பொருந்துகிறது.