சேர்வராயனுக்குப் பின்னால் ஒரு 'எஸ்'

ஆபீஸ்ல கொஞ்ச நாளா ஆணி அதிகம்.  போன மாசம் ரெண்டு நாள் லீவைப் போட்டுட்டு ஊருக்கு ஓடிட்டேன். அக்கா குடும்பத்தோட ஏற்காடு. படகு, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்னு வழக்கமான சடங்கெல்லாம் முடிச்சுட்டு சேர்வராயன் கோயிலுக்குப் போனோம்.

போகாதவங்களுக்கு: 5,300 அடிக்கு மேல, மலை உச்சியில ஒரு மொட்டைச் சமவெளி. காத்து ஆளைத் தள்ளும். கோயில்னா கோபுரம் எல்லாம் தேடாதீங்க, அது ஒரு குறுகலான குகை. குனிஞ்சுதான் உள்ள போகணும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை அப்படியே காவேரி ஆறு வரைக்கும் போகுதுங்கறது மலைக்காரங்க நம்பிக்கை. மே மாசத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் திரண்டு வருவாங்க. (மலையாளின்னதும் கேரளாவுக்குப் போயிடாதீங்க. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலைன்னு இந்தப் பக்கத்து மலைகள்ல வாழற, தமிழ் பேசற பழங்குடிகள்.)

சாமி கும்பிட்டுட்டு வெளியே வந்தா வழியில ஒரு போர்டு. அதுல 'தி ஷெவராய்ஸ்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தது. அக்கா பொண்ணு ஆறாங்கிளாஸ். எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு என்னைப் பார்த்தா.

"மாமா, சாமி ஒருத்தர்தானே? ஏன் எஸ் போட்டிருக்காங்க?"

"அது மலைங்களோட பேர் கண்ணு. நிறைய மலை, அதான் எஸ்."

"சரி, நிறைய இருந்தா எஸ். அப்ப 'ஹீ கோஸ்'ல மட்டும் ஒரே ஆளுக்கு ஏன் எஸ்? 'தே கோ'க்கு ஏன் இல்ல?"

எனக்குப் பதில் தெரியல. பொட்டி தட்டற பொழப்புல ஆறு வருஷம் ஓட்டிட்டேன், தினம் முப்பது மெயில் இங்கிலீஷ்ல எழுதறேன், ஆனா இது ஒரு நாளும் தோணினதில்ல. "அது ரூல்"னு சொன்னேன். "மிஸ்ஸும் அதான் சொன்னாங்க"ன்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அப்புறம் அக்காதான் சொன்னாங்க, கிளாஸ்ல எழுந்து நின்னு "மை ஃபாதர் கோ"ன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சதுல இருந்து பாப்பா வாயே தொறக்கறதில்லையாம்.

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங்ல "லாக்ஸ் ஷோஸ்"னு சொல்லிட்டேன். அங்க இருந்த பெரிய தலை ஒருத்தர் நிறுத்தி, எல்லார் முன்னாடியும் அதைத் திருத்தி, என்னைத் திருப்பிச் சொல்லவும் வெச்சார். அதுக்கப்புறம் ஒரு ஏழெட்டு மாசம் மீட்டிங்ல நான் ஊமை. பக் எங்க இருக்குன்னு தெரிஞ்சும் சொன்னதில்ல. அதனால பாப்பா விஷயம் எனக்குச் சும்மா இலக்கண சந்தேகமாத் தெரியல. திரும்பி வந்து தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்டச் சிரிப்பா வந்தது.

முதல்ல அந்த மலை எஸ். சேர்வராயன் ஒருமை, அன் விகுதி, பக்கா ஆண்பால். வெள்ளைக்காரன் வாய்ல நுழையாம அது 'ஷெவராய்' ஆச்சு. மலைத்தொடர்னா அவங்களுக்குப் பன்மை. ஆல்ப்ஸ் மாதிரி. அதனால ஒரு எஸ்ஸை ஒட்டி 'ஷெவராய்ஸ்' ஆக்கிட்டாங்க. நீலகிரிக்கும் இமயத்துக்கும் இதே கதிதான். நீலகிரில இன்னும் வேடிக்கை. மாவட்டத்தோட அதிகாரப்பூர்வ இங்கிலீஷ் பேரே 'தி நீல்கிரிஸ்'. மலைன்னா 'ஆர்' போடணும், மாவட்டம்னா 'ஈஸ்' போடணும். அமெரிக்காக்காரனே இதுல தடுமாறியிருக்கான். 1865-ல அடிமை முறையை ஒழிச்ச சட்டத்திருத்தத்துல 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பன்மை, 'தேர்'னுதான் எழுதியிருக்கு. ஒருமையா மாறினது மெதுவாத்தான். ஆக ரூல் மேல இருந்து குதிக்கல. பேசறவன் அதை ஒண்ணா நினைக்கறானா பலதா நினைக்கறானாங்கறதுதான் முடிவு பண்ணுது.

ரெண்டாவது, வினைச்சொல் எஸ். இதுதான் மேட்டர். ரெண்டு எஸ்ஸுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. பழைய ஆங்கிலத்துல நம்ம தமிழ் மாதிரியே நான், நீ, அவன் ஒவ்வொண்ணுக்கும் வினையில தனித்தனி விகுதி இருந்தது. காலப்போக்குல எல்லாம் தேஞ்சு உதிர்ந்துபோச்சு. மிஞ்சினது அவன்-அவள்-அதுக்கான ஒண்ணு மட்டும். அதுவும் லண்டன் பக்கத்துல அப்போ எஸ் கிடையாது, 'எத்'. 'ஹீ கோயெத்'. எஸ் போட்டது வடக்கத்திக்காரங்க. 14-ம் நூற்றாண்டுக் கடைசியில சாசர் 'கேன்டர்பரி கதைகள்' எழுதறப்ப, ஒரு கதையில வடக்கத்திப் பசங்க ரெண்டு பேரு வர்றாங்க. அவங்க பேச்சை நக்கலாக் காட்ட சாசர் என்ன பண்ணாரு தெரியுமா? அவங்க வாயில இந்த எஸ்ஸை வெச்சாரு! நம்ம சினிமா காமெடி ட்ராக்ல வட்டார வழக்கைப் பேச வைக்கற மாதிரி.

இப்ப யோசிச்சுப் பாருங்க. எஸ் போட்டதுக்கு ஒரு காலத்துல சிரிச்சாங்க. 1611-ல வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள்ல 'எத்'தான். ஷேக்ஸ்பியர் ரெண்டையும் கலந்துகட்டி அடிச்சாரு. அந்த நூற்றாண்டு போகப்போக எஸ் ஜெயிச்சிருச்சு. அதுக்கு 400 வருஷம் கழிச்சு, சேலத்துல ஒரு ஆறாங்கிளாஸ் புள்ள அந்த எஸ்ஸை விட்டதுக்குச் சிரிக்கறாங்க. இங்கிலாந்துலேயே நார்ஃபோக் பக்கத்துக் கிராமத்து ஆளுங்க பரம்பரை பரம்பரையா 'ஹீ கோ'ன்னுதான் பேசியிருக்காங்க. பாப்பா பிறந்த ஊர்தான் கொஞ்சம் தள்ளிப்போச்சு :-)

சரி, 'ஹீ கேன்'ல மட்டும் ஏன் எஸ் இல்ல? கேன், மே, மஸ்ட், ஷல் இதெல்லாம் தனி ஜாதி வினைங்க. முன்னொரு காலத்துல இறந்தகாலமா இருந்த உருவங்கள், பொருள் மாறி நிகழ்காலத்துக்குக் குடிவந்தவை. இறந்தகாலத்துல எஸ் ஒட்டறதில்லல்ல ('ஹீ வென்ட்', 'தே வென்ட்'), அந்தப் பழைய பழக்கம் இன்னும் போகல. லெகஸி கோட்ல எவனோ எப்பவோ போட்ட கண்டிஷன், தொட்டா உடையும்னு விட்டு வெச்சிருக்கற மாதிரி.

'யூ ஆர்' இன்னொரு கதை. ஒருத்தரைக் கூப்பிட 'தௌ'ன்னு ஒரு சொல் இருந்தது, நம்ம 'நீ' மாதிரி. 'யூ' பன்மை. மரியாதைக்காகப் பெரியவங்களை 'யூ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சு, கடைசியில மரியாதை பெருகி 'நீ' செத்துப்போச்சு. நாம 'நீங்க'ன்னு சொல்ற அதே ரூட்டு. ஆனா நாம 'நீ'யைப் பத்திரமா வெச்சிருக்கோம், திட்டறதுக்கு வேணுமே. 18-ம் நூற்றாண்டுல ஒரு ஆளைப் பார்த்து 'யூ வாஸ்'னு நல்லாப் படிச்சவங்களே எழுதினாங்க. 1762-ல ராபர்ட் லௌத்னு ஒரு பாதிரியார் (பின்னாடி பிஷப் ஆனவர்) இலக்கணப் புத்தகம் போட்டு, அது பெருந்தப்புன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. 1795-ல லிண்ட்லி மரேன்னு ஒரு அமெரிக்க வக்கீல், இங்கிலாந்துல யார்க் பக்கத்துல குடியிருந்தவர், அங்க இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக எழுதின இலக்கணம் லட்சக்கணக்குல வித்துது. ரூல், தப்பான வாக்கியம், திருத்துக. இந்த ஃபார்முலா அந்தக் காலத்துலேயே இருந்ததுதான்.

இதெல்லாம் நம்ம மலைக்கு எப்ப ஏறிச்சு? 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்தவர் எம்.டி. காக்பர்ன். ஏற்காட்டுல காப்பிச் செடி வந்தது அவர் காலத்துலதான். அதே சமயத்துல, 1822-ல, மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரும் அவங்கவங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, என்ன சொல்லித் தர்றாங்கன்னு எழுதி அனுப்பணும்னு உத்தரவு போட்டார். சேலம் அறிக்கையும் 1823-ல போச்சு. அன்னிக்குத் திண்ணைப் பள்ளியில அரிச்சுவடி, எண்சுவடி, நிகண்டு. எஸ்ஸுக்கு அங்க வேலையில்ல. 1857-ல மதராஸ் பல்கலைக்கழகம் வந்து, மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு இங்கிலீஷ் தேவைன்னு ஆனப்பறம்தான் உத்தியோகத்துக்கும் அந்த எஸ்ஸுக்கும் முடிச்சு விழுந்தது. ஏற்காட்டுல 1894-ல சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-ல மான்ட்ஃபோர்ட் பள்ளி. கோயிலுக்குக் கொஞ்சம் கீழேதான் ரெண்டும்.

இங்க என்னை உண்மையிலேயே உலுக்கின விஷயம் ஒண்ணு. எழுவாயும் வினையும் பொருந்தறதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தரல. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரம் தொடங்கறதே அதுலதான். கிளவியாக்கம் முழுக்க திணை, பால், எண், இடம் எது எதோட சேரணும், சேராட்டி என்ன வழு, இதே பேச்சு. ஒரு 'வந்தாள்'ல பெண், ஒருத்தி, நம்மகிட்ட பேசாத மூணாவது ஆள், இறந்தகாலம், எல்லாம் அடங்கிடுது. இங்கிலீஷ் 'கேம்' இதுல காலத்தை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கும். 'கண்ணாடி உடைந்தது', 'கண்ணாடியை உடைத்தான்'னு நாம தன்வினை பிறவினையை வினையிலேயே காட்டறோம். அவனுக்கு ரெண்டும் 'ப்ரோக்'.

அதைவிட முக்கியம், பால் பகா அஃறிணை. 'மாடு வந்தது'ன்னா ஒரு மாடு. 'மாடு வந்தன'ன்னா பல மாடு. 'கள்' கட்டாயமில்ல, வினையைப் பார்த்துக்கோன்னு இலக்கணமே சொல்லுது. பேச்சுத் தமிழ்ல அந்த 'வந்தன'வும் போயிடுச்சு. 'மாடுங்க வந்துச்சு', 'மரமெல்லாம் விழுந்துச்சு'. அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை, நம்ம வாய்ல அது சுத்தமான இலக்கணம். ஆக என் 'லாக்ஸ் ஷோஸ்' எங்க இருந்து வந்ததுன்னு இப்பப் புரியுதா? 'லாக்கெல்லாம் காட்டுது.' நான் தப்பாப் பேசல, தமிழ்ல பேசியிருக்கேன்! கூடப் படிச்ச ஒருத்தன் 'மை டீச்சர் ஆர் குட்'னு எழுதி முட்டை வாங்கினான். 'டீச்சர் நல்லவங்க'ன்னு மரியாதையா நினைச்சது குத்தமா? தமிழ் இலக்கணத்துல இதுக்கெல்லாம் ஒரு அழகான சொல் இருக்கு, வழுவமைதி. பாசத்துல பசுவைப் பார்த்து 'அம்மா வந்தாள்'னு சொன்னா திணை வழு, ஆனா காரணம் இருக்கறதால ஏத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. ரென் அண்ட் மார்ட்டின்ல வழுவமைதிக்குச் சாப்டர் இல்ல. (அந்த ரென், பம்பாய் மாகாணத்துல கல்வித் துறையில இருந்தவர். 'போ ஜெஸ்ட்'னு 1924-ல சாகச நாவல் எழுதின அதே பி.சி. ரென்தான். அந்த நாவல் மாதிரி இலக்கணத்தையும் எழுதியிருக்கலாம்.)

சொல்லித்தர்ற முறையை மாத்த இங்க முயற்சி நடக்காம இல்ல. 1950-கள் கடைசியில பிரிட்டிஷ் கவுன்சில் துணையோட 'மதராஸ் ஸ்னோபால்'னு ஒண்ணு. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவங்க மத்தவங்களுக்கு, இப்படி உருட்டி உருட்டி 27,000 ஆசிரியர்களைத் தொடறது திட்டம். வாக்கிய அமைப்பை வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கற முறை. அதுல திருப்தி இல்லாம, மதராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்த என்.எஸ். பிரபு 1979-ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூர், சென்னை, கடலூர்னு சில பள்ளிகள்ல வேற மாதிரி செஞ்சு பார்த்தார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியைப் பிடிச்சா நேரத்துக்குப் போய்ச் சேரலாம்னு இங்கிலீஷ்ல கண்டுபிடிக்கச் சொல்றது. மனசு அர்த்தத்துல இருக்கறப்ப இலக்கணம் தானா உள்ள இறங்கும்கறது அவர் வாதம். 1987-ல புத்தகமா எழுதினார். இன்னிக்கு உலகம் முழுக்க மொழி ஆசிரியர் பயிற்சியில பிரபு பேர் வருது. கடலூர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

எஸ் விஷயத்துல அவர் பக்கம் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. 1973-ல ரோஜர் பிரவுன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இங்கிலீஷ் தாய்மொழியா உள்ள மூணு குழந்தைகளை வருஷக்கணக்குல கவனிச்சு எழுதினார். 'இங்' சீக்கிரம் வந்துடுது, பன்மை எஸ்ஸும் வந்துடுது, 'ஹீ கோஸ்' எஸ் ரொம்பத் தாமதம். அடுத்த வருஷமே டூலேயும் பர்ட்டும் இங்கிலீஷை ரெண்டாவது மொழியாக் கத்துக்கற ஸ்பானிஷ், சீனக் குழந்தைகள்கிட்ட பார்த்தாலும் அந்த எஸ் கடைசிப் பக்கம்தான். நாம என்ன பண்றோம்? கடைசியில பழுக்கற காயை முதல் நாளே பறிச்சுட்டு, பழுக்கலன்னு புள்ளைய அடிக்கறோம்.

அக்கா பொண்ணுக்கு இத்தனையும் போன்ல சொன்னேன். சாசர் பகுதி மட்டும் மூணு தடவை கேட்டா. "அப்ப எஸ் போட்டாத்தான் சிரிப்பாங்களா மாமா? நெஜமாவா?"ன்னு ஒரே குஷி. மறுநாள் கிளாஸ்ல எழுந்து மிஸ்கிட்டயே இதைச் சொல்லியிருக்கா, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ்ல. எத்தனை எஸ் விட்டாளோ தெரியாது. மிஸ் உட்காரச் சொல்லலையாம், "மேல சொல்லு"ன்னாங்களாம்.

இப்ப அடுத்த கேள்வி வந்திருக்கு. குகைக்குள்ள அன்னிக்கு ஒரு பெரியவர் "சாமி இருக்காரு, பார்த்துக் குனிஞ்சு போங்க"ன்னார். பின்னாடியே வந்த அம்மா "சாமி நல்லாத் தெரியுதா?"ன்னு கேட்டாங்க. ஒரே சாமி, ஒருத்தருக்கு 'இருக்காரு', இன்னொருத்தருக்கு 'தெரியுது'. இங்கிலீஷ்ல சேர்வராயன் 'ஹீ'யா 'இட்'டான்னு கேக்கறா. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா.