ஊரிலிருந்து வந்த சேதி

'வெள்ளைக்காரப் பட்டாளம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிவப்புச் சட்டைகளுக்குள் இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. 1830-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் அயர்லாந்துக்காரர்கள்! தங்கள் தேசத்தை அடக்கி ஆண்ட அரசுக்காக அவர்கள் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள்? எல்லாம் ராஜபக்தி என்று நினைத்துவிட வேண்டாம். வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? வறுமை வாட்டிய கிராமத்து வாலிபனுக்குப் பட்டாளத்துச் சம்பளம் பெரிய வரப்பிரசாதம்.

அத்தகைய வாலிபர்கள் நிறைந்த படை கன்னாட் ரேஞ்சர்ஸ். 1920-இல் அதன் முதல் பட்டாலியன் பஞ்சாபில் இருந்தது. பக்கத்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஓராண்டுதான் கடந்திருந்தது. அந்தக் கொடுமையை ஆதரித்த லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வயரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். சரித்திரத்துக்கும் விபரீதமான நகைச்சுவை உண்டு!

அப்போது ஊரிலிருந்து சேதி வந்தது. சர்க்காரின் 'பிளாக் அண்ட் டான்ஸ்' போலீஸ் படை அயர்லாந்தின் கிராமங்களில் அட்டூழியம் செய்கிறது என்றது சேதி. ஜூன் 28-ஆம் தேதி ஜலந்தரில் சில சிப்பாய்கள், "இனி இந்த ராணுவத்துக்கு ஊழியம் செய்ய மாட்டோம்" என்று மறுத்தார்கள். விரைவில் மேலும் பலர் சேர்ந்தார்கள். முகாமில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி ஏறியது.

சோலன் மலை முகாமில் ஜேம்ஸ் டாலி என்ற சிப்பாய் தலைமை தாங்கினான். பாதிரியாரின் வேண்டுகோளுக்கு இணங்கி முதலில் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். பிறகு இரவில் அவற்றைக் கைப்பற்ற முயன்றபோது குண்டு பாய்ந்து இருவர் மாண்டனர். ராணுவ நீதிமன்றம் பலருக்கு மரண தண்டனை விதித்தது. டாலியைத் தவிர மற்றவர்களின் தண்டனை குறைக்கப்பட்டது. நவம்பர் 2-ஆம் தேதி தக்ஷாய் சிறையில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவனுக்கு வயது இருபது. சாவுக்குத் தான் அஞ்சவில்லை, அம்மாவை நினைத்துத்தான் மனம் கலங்குகிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்.

1970-இல் அவன் உடல் தாய்நாடு திரும்பியது, மரியாதையுடன் அடக்கமாயிற்று. ஆனால் முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனுக்காகப் போரிட்ட அயர்லாந்துக்காரர்கள் சுமார் 2 லட்சம் பேர். சுதந்திர அயர்லாந்தில் அவர்களைப் பற்றி வெகு காலம் பலர் வாய் திறக்கவே இல்லை.

டாலியும் அவர்களும் ஒரே சம்பளத்துக்குக் கையெழுத்திட்டவர்கள்தாம். டாலி வீரன், சந்தேகமில்லை. அதற்காக மற்றவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட முடியுமா? பசித்தவன் போட்ட கையெழுத்துக்குத் தீர்ப்புச் சொல்ல, வயிறு நிறைந்த நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?