பெருந்தொற்றும் கர்ப்பகாலப் பராமரிப்பும்: இந்தியா, 2020–21

கர்ப்பகாலப் பராமரிப்பு என்பது கருவுற்றது முதல் மகப்பேறு வரை தாய்க்கும் கருவுக்கும் அளிக்கப்படும் மருத்துவக் கண்காணிப்பு. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கருவின் வளர்ச்சிக் குறை ஆகியவற்றை வேளையோடு கண்டறிவது இதன் நோக்கம். இதற்காகக் குறைந்தது 8 சந்திப்புகளை உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் இந்தியாவில் பொதுமுடக்கம் அமலானபோது இந்தச் சேவை தடைப்பட்டது. ஆனால் தடை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. கிருமி புதிது, ஏற்றத்தாழ்வு பழையது.

பெருந்தொற்றுக்கு முன்பே, 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 4 முறையாவது பரிசோதனை பெற்றவர்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 81 விழுக்காடு. பீகாரில் 14 விழுக்காடு மட்டுமே. இந்த நிலையில் பேருந்தும் ரயிலும் நின்றபோது, சொந்த வாகனம் இல்லாத பெண்ணுக்கு மருத்துவமனை எட்டாத தொலைவாயிற்று. தினக்கூலி நின்ற வீட்டில் வாடகை வண்டிக்கும் ஸ்கேனுக்கும் பணமில்லை. நகரத்திலிருந்து ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பழைய பதிவும் தொடர்பும் அறுந்தன. கிராமத்துக் கர்ப்பிணிகளின் முதல் துணையான ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகத் தொற்றுக் கணக்கெடுக்க அனுப்பப்பட்டனர். மகப்பேறு சேவைகள் தொடர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலில் வழிகாட்டியும், அந்த ஜூனில் நொய்டா பகுதியில் 8 மாதக் கர்ப்பிணி ஒருவர் பல மருத்துவமனைகளில் இடம் மறுக்கப்பட்டு ஆம்புலன்சிலேயே இறந்தார்.

தொற்று அச்சத்தால் பெண்களே மருத்துவமனையைத் தவிர்த்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. அச்சம் உண்மைதான். ஆனால் தெரிந்த மருத்துவரும் சொந்தக் காரும் உள்ளவர் அச்சத்தோடும் சென்றுவர முடிந்தது. நெரிசலான அரசு மருத்துவமனை ஒன்றே கதியானவருக்கு அந்த வழி இல்லை. தொலைமருத்துவம் குறையை ஈடுசெய்தது என்பது இன்னொரு வாதம். அது ஆலோசனைக்கு உதவியது. இரத்தமும் அழுத்தமும் தொலைபேசியில் அளக்கப்படுவதில்லை. மேலும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் சுமார் 54 விழுக்காட்டினரே. கணவரின் கைபேசியை நம்பியிருப்பவரால் தம் உடல்நிலையைத் தயக்கமின்றிப் பேசவும் இயலாது.

பெருந்தொற்றில் தாய் இறப்பும் குழந்தை இறந்து பிறப்பதும் உலக அளவில் அதிகரித்தன என்றும், வளம் குறைந்த நாடுகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டன என்றும் 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. எனவே கர்ப்பிணிகளுக்கான வாகனம், அவர்களுக்கென்றே விடப்பட்ட களப்பணியாளர், எந்த ஊரிலும் செல்லும் பதிவு ஆகியவை அடுத்த தொற்றுக்கு முன்பே உறுதிசெய்யப்பட வேண்டும்.